பதிவேட்டில் இல்லாத தொழில்

1957ஆம் ஆண்டு நெதர்லாந்தில் ஓர் இளைஞர் திருமணம் செய்துகொண்டார். அந்நாட்டு வழக்கப்படி மணமகன் தம் தொழில் இன்னதென்று பதிவேட்டில் குறிப்பிட்டாக வேண்டும். ‘நிரலாளர்’ என்று எழுதச் சொன்னார் அவர். ஆம்ஸ்டர்டாம் நகராட்சி அதிகாரிகள் ஏற்கவில்லை. அப்படியொரு தொழிலே கிடையாது என்றார்கள். வேறு வழியின்றி ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று பதிவு செய்து மணமுடித்தார். அவர் பெயர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. பதினைந்து ஆண்டுகள் கழித்து, கணினித் துறையின் மிக உயர்ந்த விருதாகிய டியூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரையில் இந்த நிகழ்ச்சியை அவரே சொல்லிச் சிரித்தார்.

இன்று நம் வீடுகளில் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கும்போது ‘சாப்ட்வேரில் இருக்கிறார்’ என்ற ஒரு சொல் வந்துவிட்டால் அடுத்த கேள்வி கேட்பாரில்லை. அறுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட அந்தப் பதிவேட்டை நினைத்தால் நமக்கும் சிரிப்பு வருகிறது.

நாம் கணினி கற்றவரல்லர். இந்த மனிதரைப் பற்றி எழுத நேர்ந்ததற்குக் காரணம் நம் பழைய மாணவர் ஒருவர். ஓதி முடித்தபின் கல்லூரிக்குச் சென்று, இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். சென்ற பெருநாளன்று ஸலாம் சொல்ல வந்தவர் முகம் வாடியிருந்தது. குறை இருப்பது தெரிந்தும், வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லியாகிவிட்டது என்பதற்காகவே ஒரு மென்பொருளைத் தம் குழு வெளியிட்டுவிட்டதாகவும், பிழைகளை அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று மேலதிகாரி கூறியதாகவும் சொன்னார். “ஹஸ்ரத், இது அமானிதத்தில் சேருமா?” என்று கேட்டார். நாம் அப்போது சொன்ன பதில் நமக்கே திருப்தி தரவில்லை. சில நாட்கள் கழித்து அவரே டைக்ஸ்ட்ராவின் உரைகள் சிலவற்றை அச்சிட்டுக் கொண்டுவந்து தந்து, தமக்குப் புரிந்த அளவில் விளக்கவும் செய்தார். மாணவரிடம் பாடம் கேட்பதில் ஆசிரியருக்கு இழுக்கேதுமில்லை.

டைக்ஸ்ட்ரா 1930 மே 11 அன்று ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியலாளர், தாய் கணிதம் அறிந்தவர். சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டைப் பிரதிநிதிக்க வேண்டுமென்பது இளமைக் கனவாக இருந்தது. ஆயினும் லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயிலச் சென்றார். 1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கணினிக்கு நிரல் எழுதக் கற்பிக்கும் மூன்று வார வகுப்பு நடைபெறுவதை அறிந்து மகனை அனுப்பியவர் தந்தையே. மறு ஆண்டு மார்ச் மாதம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள கணித மையத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. நெதர்லாந்தின் முதல் நிரலாளர் என்று அவர் அழைக்கப்படுவது அதனால்தான். அக்காலத்தில் அம்மையத்தில் இளம்பெண்கள் பலர் மேசைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுத் தரும் பணியில் இருந்தனர். அவர்களுள் ஒருவரான ரியாவைத்தான் பின்னர் அவர் மணந்தார்.

அந்த மையத்தில் கணினிப்பொறிகளைக் கட்டியவர்கள் லூப்ஸ்ட்ரா, ஸ்கோல்டன் என்னும் இருவர். பொறியைக் கட்டுவது அவர்கள் பொறுப்பு. அதற்கு நிரல் எழுதுவது டைக்ஸ்ட்ராவின் பொறுப்பு. பொறி முதலில் வந்து, அதற்கேற்ப நிரலாளர் தம்மை வளைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. பொறி என்னென்ன கட்டளைகளை எவ்வாறு நிறைவேற்ற வேண்டும் என்று டைக்ஸ்ட்ரா முதலில் எழுத்தில் வடிப்பார். அந்த எழுத்து இரு தரப்புக்கும் இடையே ஓர் உடன்படிக்கை போல இருக்கும். அவர்கள் அதன்படி கட்டுவார்கள். இவரோ இன்னும் பிறவாத பொறிக்கு நிரல் எழுதிக்கொண்டிருப்பார். காகிதத்தில் சொன்ன சொல்லை நம்பி இரு தரப்பும் உழைத்த அந்த அனுபவம் அவருடைய பிற்காலக் கருத்துகள் அனைத்துக்கும் வித்தாக அமைந்தது என்பது நம் எண்ணம்.

ஆயினும் அவர் மனம் அமைதியாக இல்லை. மூன்றாண்டுகள் வேலை செய்தபின், இயற்பியலா நிரலாக்கமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டம் வந்தது. மருத்துவருக்கு மருத்துவ நூல் உண்டு. பொறி கட்டுபவருக்கு மின்னணுவியல் உண்டு. நிரலாளருக்கு மட்டும் ‘இதுதான் என் கல்வி’ என்று காட்ட ஒன்றுமே இல்லையே என்ற கவலையுடன் தம் மேலாளர் வான் வைன்கார்டனின் அறைக்குச் சென்றார். அப்படியொரு கல்வி இன்னும் இல்லைதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கணினிகள் இனி உலகை விட்டுப் போகப்போவதில்லை. அக்கல்வியை மதிப்புக்குரியதாக ஆக்குபவர்களுள் நீங்களும் ஒருவராக இருக்கக்கூடாதா என்று கேட்டார். அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது தாம் வேறொரு மனிதராகிவிட்டதாக டைக்ஸ்ட்ரா பின்னர் நினைவுகூர்ந்தார். ஆசிரியர் ஒருவர் உரிய வேளையில் சொல்லும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை மதரஸாவில் இருபது ஆண்டுகளாக நாமும் கண்டுவருகிறோம்.

1956இல் அர்மாக் என்ற புதிய பொறியின் ஆற்றலைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. கணிதம் அறியாதவரும் புரிந்துகொள்ளத்தக்க ஒரு கணக்கு வேண்டும். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது என்பதை அவர் தேர்ந்தெடுத்தார். அதற்கான தீர்வு, தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுடன் கடைத்தெருவில் சுற்றிக் களைத்து ஒரு காபிக்கடை முற்றத்தில் அமர்ந்திருந்தபோது இருபதே நிமிடங்களில் அவர் உள்ளத்தில் தோன்றியது. கையில் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. எழுத ஏதுமில்லாததால்தான் தேவையற்ற சிக்கல்கள் அனைத்தும் தாமாகவே விலகிப்போயின என்று அவர் சொல்வார். நெதர்லாந்தின் 64 ஊர்கள் கொண்ட வரைபடத்தில் அது செய்துகாட்டப்பட்டது. 1959இல் மூன்று பக்கக் கட்டுரையாக வெளியாயிற்று. நம் கைபேசியில் வழிகாட்டும் செயலிகளின் அடித்தளத்தில் இம்முறையும் இதன் வழித்தோன்றல்களும் உள்ளன. இத்தகைய செய்முறையைக் குறிக்கும் ‘அல்காரிதம்’ என்ற சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதின் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்பதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். ஆகவே அதை விரிக்கவில்லை.

பொறியைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகளுள் நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொன்று. அன்றைய கணினி, தட்டச்சுப்பொறிக்கு ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, அது அடித்து முடிக்கும்வரை சும்மா காத்துக்கொண்டிருக்கும். இதைத் தவிர்க்க 1957இல் லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும் எக்ஸ்-1 என்ற புதிய பொறியில் ஓர் ஏற்பாட்டை முன்மொழிந்தார்கள். கணினி தன் பாட்டுக்குக் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். தட்டச்சுப்பொறி தயாரானதும் அதுவே குறுக்கிட்டு அழைக்கும். கணினி நடந்துகொண்டிருந்த வேலையை அப்படியே நிறுத்தி வைத்து, வந்த வேலையைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் டைக்ஸ்ட்ரா அஞ்சிவிட்டார். அதுவரை ஒரு நிரலில் பிழை நேர்ந்தால், அதையே மீண்டும் ஓட்டினால் அதே பிழை அதே இடத்தில் மறுபடி தோன்றும்; தேடிப் பிடித்துவிடலாம். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்பது யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் இன்று வந்த பிழை நாளை வராமற் போகலாம். தவறு பொறியுடையதா, நிரலாளருடையதா என்று எப்படிச் சொல்வது? மறுபடி காட்ட முடியாத பிழைக்கு யார் பொறுப்பேற்பது?

இந்த அச்சத்தால் அத்திட்டத்தை அவர் சில மாதங்கள் தாமதப்படுத்தினார். இறுதியில் நண்பர்கள் அவருடைய திறமையைப் புகழ்ந்து பேசியே இசைய வைத்தார்களாம். இசைந்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. சோதித்துப் பார்த்து உறுதி செய்ய இயலாத ஒன்றைச் சிந்தித்து உறுதி செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். குறுக்கீடு எந்தக் கணத்தில் வந்தாலும் நிரல் சரியாகவே நடக்கும் என்பதை முன்கூட்டியே தர்க்கத்தால் நிறுவும் வழியைத் தேடினார். 1959இல் அவர் பெற்ற முனைவர் பட்டம் இதைப் பற்றியதே. அச்சம் சிலரை ஓடச் செய்கிறது. இவரை உட்கார்ந்து எழுதச் செய்தது.

அடுத்த ஆண்டு, ஆல்கால்-60 என்ற மொழிக்கான மொழிமாற்றியைச் சோன்வெல்ட் என்ற தோழருடன் சேர்ந்து ஆகஸ்ட் மாதத்தில் முடித்தார். முடியும்வரை முகச்சவரம் செய்வதில்லை என்று இருவரும் உறுதி பூண்டிருந்தனர். வேலை முடிந்ததும் தோழர் தாடியை எடுத்துவிட்டார். டைக்ஸ்ட்ரா கடைசிவரை எடுக்கவில்லை.

1962இல் ஐந்தோவன் நகரின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியரானார். அங்கே ஒரு சிறு குழுவுடன் கட்டிய இயக்க முறைமையைப் பற்றி 1968இல் எழுதினார். பல வேலைகள் ஒரே பொறியில் ஒன்றோடொன்று மோதாமல் நடக்கும்படி செய்ய, ரயில் பாதையின் கைகாட்டி மரத்தைப் போன்ற ஓர் அமைப்பை அவர் வகுத்திருந்தார். ‘செமஃபோர்’ என்ற அதே பெயரால் இன்றும் அது வழங்குகிறது. முறைமை முழுவதும் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. கீழடுக்கு சரியென்று உறுதியான பின்னரே மேலடுக்கு. சோதனையின்போது 500 கட்டளைகளுக்கு ஒன்று என்ற அளவில் எழுத்துப்பிழை போன்ற சிறு தவறுகளே தென்பட்டன என்றும், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் பிடிபட்டது என்றும் அக்கட்டுரையில் பதிவு செய்துள்ளார்.

அதே 1968இன் மார்ச் மாதம் ஓர் இதழில் வெளியான அவருடைய சிறு கடிதமே அவரை உலகறியச் செய்தது. அன்றைய நிரல்களில் ‘கோ-டு’ என்ற கட்டளை தாராளமாகப் புழங்கியது. ‘இங்கிருந்து இன்ன இடத்துக்குத் தாவு’ என்பது அதன் பொருள். நம் பழைய கிதாபுகளைப் புரட்டியவர்களுக்கு ஒரு சிரமம் தெரிந்திருக்கும். நடுவில் மூலம், ஓரத்தில் விளக்கம், அதன் ஓரத்தில் அதற்கும் ஒரு விளக்கம். ஆயினும் அதிலே ஓர் ஒழுங்கு உண்டு. ஓரத்திலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழி தெரியும். நாலு வரிக்கு ஒருமுறை ‘143ஆம் பக்கம் போ’ என்று சொல்லி, அங்கிருந்து ‘12ஆம் பக்கம் போ’ என்று விரட்டும் நூல் ஒன்று இருந்தால், எந்த வழியாக எங்கே வந்து நிற்கிறோம் என்பதே வாசிப்பவருக்கு விளங்காது. தாவல் மலிந்த நிரலும் அத்தகையது, அதை எழுதியவரே பின்னர் வாசித்தறிய முடியாது என்பது டைக்ஸ்ட்ராவின் வாதம். கடிதத்துக்கு அவர் இட்ட தலைப்பு அடக்கமானது. ‘தீங்கு விளைவிப்பதாகக் கருதப்படுகிறது’ என்ற காரசாரமான தலைப்பைச் சூட்டியவர் அவ்விதழின் பதிப்பாசிரியராக இருந்த நிக்லாஸ் வீர்த். பழியும் புகழும் என்னவோ டைக்ஸ்ட்ராவையே சேர்ந்தன.

அந்த ஆண்டு அக்டோபரில் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் வல்லுநர்கள் கூடினர். மென்பொருள்கள் காலத்தில் முடிவதில்லை, முடிந்தாலும் சொன்னபடி இயங்குவதில்லை என்பதை அங்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். அதற்கு மறு ஆண்டு ரோமில் நடந்த கூட்டத்தைப் பற்றி டைக்ஸ்ட்ரா பின்னாளில் சொன்ன ஒரு செய்தி உண்டு. மனிதன் நிலவில் இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம். அத்தனை பெரிய நிரலை எப்படிப் பிழையின்றி எழுதினீர்கள் என்று அத்திட்டத்தை அறிந்த ஓர் அமெரிக்கரிடம் வியந்து கேட்டாராம். புறப்பாட்டுக்குச் சில நாட்களே இருந்தபோது, நிலவின் ஈர்ப்பை விலக்கும் விசையாகக் கணக்கிட்ட ஒரு தவறு தற்செயலாகக் கண்ணில் பட்டது என்று பதில் வந்ததாம். அதிர்ஷ்டம்தான் போலும் என்று இவர் சொல்ல, ஆம் என்று அவரும் ஒப்புக்கொண்டாராம்.

1972இன் டியூரிங் விருது உரைக்கு அவர் வைத்த தலைப்பு ‘பணிவுள்ள நிரலாளர்’ என்பது. கணினியே இல்லாதபோது நிரலாக்கத்தில் சிக்கலும் இல்லை. சில சிறு கணினிகள் வந்தபோது சிறு சிக்கல் வந்தது. மாபெரும் கணினிகள் வந்தபின் சிக்கலும் மாபெரிதாகிவிட்டது என்றார். பொறியின் வேகம் கூடக்கூட வேலை எளிதாகும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன சொல் இது. சோதனை செய்வதால் பிழை இருப்பதைக் காட்டலாம், இல்லை என்பதைக் காட்டவே முடியாது என்பதையும் வலியுறுத்தினார். மனித அறிவு குறுகியது, தன் தலை எவ்வளவு சிறியது என்பதை உணர்ந்தவனே நல்ல நிரலாளன், சாமர்த்தியம் காட்டும் தந்திரங்களை அவன் கொள்ளைநோயைப் போல விலக்க வேண்டும் என்றும் கூறினார். நம் மாணவர் தந்த தாளில் இந்த இடத்தில் இரண்டு கோடுகள் இட்டிருந்தார்.

பணிவைப் பற்றிப் பேசியவர் பேச்சில் பணிவு இருந்ததா என்றால், பெரும்பாலும் இல்லை. 1975இல் எழுதிய ஒரு குறிப்பில், அன்று புகழ்பெற்றிருந்த நிரல்மொழிகள் ஒவ்வொன்றையும் வெளுத்து வாங்கினார். கோபால் மொழி மூளையை முடமாக்கும், அதைக் கற்பிப்பதையே குற்றமாகக் கருத வேண்டும் என்றார். பேசிக் மொழியை முதலில் கற்ற மாணவரை இனித் திருத்தவே முடியாது என்றார். இதிலே அவர் வரம்பு மீறினார் என்பதே நம் கருத்து. பேசிக்கில் அடியெடுத்து வைத்துப் பின்னர் சிறந்த நிரலாளராகத் திகழ்ந்தோர் எத்தனையோ பேர். ஓதத் தொடங்கும் பிள்ளையின் உச்சரிப்பு பிழையாக இருந்தால் திருத்துவோமே தவிர, இவன் கெட்டான் என்று ஒதுக்கிவிடுவதில்லை. கோ-டு பற்றியும் டொனால்ட் கனூத் 1974இல் விரிவாக எழுதி, அக்கட்டளை தக்க இடத்தில் பயன்படுவதையும் எடுத்துக்காட்டினார். கணினித் துறையில் அகந்தையை அளக்கும் அலகு ‘நானோ-டைக்ஸ்ட்ரா’ என்று ஆலன் கே என்ற அறிஞர் பிற்காலத்தில் ஒரு மேடையில் கேலி செய்ததும் உண்டு.

அவருடைய கேலியும் சளைத்ததன்று. எழுபதுகளில் ‘கணிதம் நிறுவனம்’ என்று ஒன்றைக் கற்பனையாகத் தொடங்கி, தாமே அதன் தலைவர் என்று அறிவித்துக்கொண்டு அறிக்கைகள் எழுதினார். மென்பொருள் விற்பது போல அந்த நிறுவனம் தேற்றங்களை விற்கும். ரீமான் கருதுகோளை அது நிறுவிவிட்டது. ஆனால் நிறுவல் வணிக ரகசியம், யாருக்கும் காட்டப்படாது! முடிவை மட்டும் நம்பி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே என்ன இருக்கிறதென்று காட்டாமல் விற்கப்படும் மென்பொருளை வாங்கி, பின்னர் கைபிசைந்து நின்றோருக்கு இக்கேலி சுருக்கென்று தைக்கும்.

தொழிலிடம் குறித்து அவர் சொன்னவற்றில் இரண்டு, நம் மாணவரின் கேள்விக்கு மிக அருகில் வருகின்றன. இரண்டும் 1988இல் எழுதிய ஒரு நீண்ட குறிப்பில் உள்ளன. ஒரு நிரலாளர் எத்தனை வரிகள் எழுதினார் என்று எண்ணி உழைப்பை அளக்கும் வழக்கம் நிறுவனங்களில் இருந்தது. அவை ஆக்கிய வரிகள் அல்ல, செலவழித்த வரிகள். கணக்கேட்டில் வரவுப் பக்கத்தில் எழுதியதைப் பற்றுப் பக்கத்துக்கு மாற்றுங்கள் என்றார். மற்றொன்று, நிரலின் பிழையைப் ‘பக்’, அதாவது பூச்சி என்று அழைக்கும் பழக்கம். நிரலாளர் பார்க்காத நேரத்தில் எங்கிருந்தோ ஊர்ந்து வந்து புகுந்துகொண்டது என்பது போல அச்சொல் ஒலிக்கிறது. அப்படி ஏதும் வரவில்லை. எழுதியவரே வைத்தது அது. ஆகவே அதைப் பிழை என்றே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பிறர் பொருளைக் கையில் வைத்திருப்பவர் அதில் நேர்ந்த குறையை எந்தப் பெயரால் அழைக்கிறார் என்பதும் அமானிதத்தின் ஒரு பகுதி அன்றோ?

அவர் வேலை செய்த விதமும் விந்தையானது. 1973 முதல் பரோஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனத்தின் ஆய்வாளராக இருந்தார்; அலுவலகமோ நூனன் என்ற சிற்றூரில் தம் வீட்டு மாடியறை. பல்கலைக்கழகத்துக்கு வாரம் ஒரு நாள். செவ்வாய் பிற்பகலில் நண்பர்களும் மாணவர்களும் கூடி ஒரு கட்டுரையை வரி வரியாகப் படித்து ஆராய்வார்கள். 1984இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோதும் அக்கூட்டத்தை அங்கே தொடர்ந்தார். கணினி அறிவியலின் தூண்களுள் ஒருவரான அவர் நெடுங்காலம் சொந்தமாகக் கணினி வைத்துக்கொள்ளவில்லை. பிற்காலத்தில் ஒன்று வந்தது. மின்னஞ்சலுக்கும் வலைதளம் பார்க்கவும் மட்டும் அதைப் பயன்படுத்தினார். பாடம் நடத்தக் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் போதும். தம் சிந்தனைகளை மைப்பேனாவால் தாளில் எழுதி, தம் பெயரின் முதலெழுத்துகளோடு வரிசை எண்ணிட்டு, படியெடுத்துச் சில நண்பர்களுக்கு அனுப்புவார். அவர்கள் படியெடுத்து மற்றவர்களுக்கு அனுப்புவார்கள். அச்சகம் வருமுன் நம் கிதாபுகள் ஊர் விட்டு ஊர் சென்றதும் ஏறக்குறைய இவ்வாறுதான்.

1999இல் ஓய்வு பெற்று, 2002இல் நோயுடன் நூனன் வீட்டுக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 6 அன்று காலமானார். குறிப்புகளின் கடைசி எண் 1318. டெக்சாஸ் பல்கலைக்கழகம் அவற்றைப் படமெடுத்து யாவரும் காண வைத்திருக்கிறது.

போன வாரம் நம் மாணவர் மீண்டும் வந்திருந்தார். கைபேசியில் அந்தக் குறிப்புகளில் ஒன்றைப் பெரிதாக்கிக் காட்டினார். பக்கம் முழுவதும் நீரோட்டமான கையெழுத்து; ஓர் அடித்தல் கூட இல்லை. தலைக்குள் முழுவதையும் சமைத்து முடித்த பின்னரே பேனாவைத் தொடுவாராம். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், தம் மென்பொருளில் தாம் அறிந்த குறைகள் அனைத்தையும் வரிசையாக எழுதி மேலதிகாரிக்கு அனுப்பியிருப்பதாகவும், அதில் ஓரிடத்திலும் ‘பக்’ என்ற சொல்லைப் போடவில்லை என்றும் சொன்னார். பதில் வந்ததா என்று கேட்டோம். இன்னும் வரவில்லை என்றார்.